சீட்டு விழுமுன்

(2026 தை மாதம் மானிப்பாயில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டம் வேண்டிய வேலைகளுக்கு வெளிநாட்டவரை எடுக்க அமெரிக்கா கொடுக்கும் எச்-1பி விசாவைப் பற்றி இந்த ஊரில் பேச்செடுத்தால் எல்லோரும் பிள்ளையின் பக்கத்தில் நின்றுதான் பேசுவார்கள். ஆண்டுதோறும் நடக்கும் குலுக்கலில் பேர் விழுந்ததா, விழவில்லையா, மருதடிப் பிள்ளையாருக்கு என்ன நேர்த்தி வைத்தது என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால் அந்தக் குலுக்கலில் பேரைப் போடுகிறவர் வேலை கொடுப்பவர். மனுதாரர் என்று சட்டம் அழைப்பதும் அவரைத்தான். படிவத்தில் கையெழுத்து வைப்பவர், கட்டணம் கட்டுபவர், பொய் எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் எல்லாம் அவரே. நியூ ஜேர்சியிலும் ரெக்சாசிலும் கலிபோர்னியாவிலும் சொந்தமாகச் சிறு கொம்பனி நடத்துகிறவர்கள் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். பல ஆண்டுகள் அங்கே ஒரு நிறுவனத்தின் ஆளணிப் பிரிவில் இந்தக் கோப்புகளோடு இருந்தவன் என்ற முறையில் உங்களைப் பார்த்துத்தான் முதலில் பேசப்போகிறேன். பிள்ளைகளும் கவனமாகக் கேளுங்கள். முதலாளி என்னென்ன செய்யக் கடமைப்பட்டவர் என்று தெரிந்த பிள்ளையை இலகுவில் ஏமாற்ற முடியாது.

இந்த விசா 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000 என்று அப்போது வரம்பு வைத்தார்கள். கணினித்துறை வேகமாக வளர்ந்த காலத்தில் அது 115,000 ஆகி, பிறகு 195,000 வரை உயர்ந்து, 2004 நிதியாண்டில் மறுபடி 65,000க்கு இறங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000 இடம் பின்னர் சேர்ந்தது. 2007 ஏப்ரலில் மனு ஏற்கத் தொடங்கிய உடனேயே வரம்பு நிரம்பிவிட, கணினிக் குலுக்கல் நடத்த வேண்டியதாயிற்று. 2013இலிருந்து குலுக்கல் இல்லாத ஆண்டே கிடையாது. 2020 முதல் முழு மனுவையும் முன்கூட்டியே அனுப்பத் தேவையில்லை. மார்ச் மாதத்தில் இணையவழியாகப் பேரைப் பதிந்தால் போதும், தெரிவானவர்களுக்கு மட்டும் மனு என்று மாற்றினார்கள்.

பதிவுக்குக் கட்டணம் 10 டொலர் என்று வைத்ததுதான் வினையாய்ப் போயிற்று. ஒரே ஆளின் பேரைப் பல கொம்பனிகள் பதியத் தொடங்கின. 2023 மார்ச்சில் தகுதியான பதிவுகள் 758,994. அவற்றில் 408,891 பதிவுகள், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பேர் போடப்பட்ட ஆட்களுடையவை. ஒழுங்காக ஒரு கொம்பனியோடு நின்ற பிள்ளைகளின் வாய்ப்பை இந்தக் கூட்டுக்களவு அரித்துத் தின்றது. 2024இல் விதியை மாற்றினார்கள்: எத்தனை கொம்பனி பதிந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு சீட்டு, கடவுச்சீட்டு இலக்கத்தை வைத்து அடையாளம். 2025இல் பதிவுக் கட்டணம் 215 டொலராக ஏறியது. தகுதியான பதிவுகள் அந்த ஆண்டு 343,981 ஆகக் குறைந்தன, தெரிவானவை 120,141. களவு குறைந்ததால் நேர்மையானவர்களுக்கு வழி சற்று அகன்றது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

இப்போது வந்திருக்கும் மாற்றம் எல்லாவற்றிலும் பெரியது. 2026 பெப்ரவரி 27 முதல் குலுக்கல் சம்பளப் படியைப் பார்த்து நடக்கும். ஒவ்வொரு தொழிலுக்கும், ஒவ்வோர் இடத்துக்கும் அமெரிக்கத் தொழில் திணைக்களம் நான்கு சம்பளப் படிகள் வகுத்து வைத்திருக்கிறது. முதற்படிச் சம்பளம் கொடுப்பவர் பதிந்த பேர் ஒரு தடவை குலுக்கலுக்குள் போகும். இரண்டாம் படிக்கு இரண்டு தடவை, மூன்றாம் படிக்கு மூன்று, நான்காம் படிக்கு நான்கு. விதியை முன்மொழிந்தபோது உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமே போட்ட கணக்கின்படி முதற்படிக்கு வாய்ப்பு ஏறத்தாழ 15 வீதம். நான்காம் படிக்கு 61 வீதம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் முடித்து இரண்டு வருடம் வேலை செய்த பிள்ளைக்கு இதன் பொருள் என்ன? நூறு பேரில் பதினைந்து பேருக்குத்தான் இடம் என்ற வரிசையில் அவர் நிற்கிறார். இதை நான் நியாயமென்று சொல்ல மாட்டேன். இளம் வயதில் திறமை காட்டுகிறவரைத் தள்ளிவிட்டு, ஏற்கெனவே உயர்ந்துவிட்டவரை உள்ளே எடுக்கும் விதி இது. ஆனாலும் விதி அதுதான். முதலாளி இங்கே இரண்டு பிழை விடுவார். ஒன்று, வேலை உண்மையில் மூன்றாம் படிப் பொறுப்பாக இருந்தும் சம்பளத்தை மிச்சம்பிடிக்க முதற்படியில் பதிவது. மற்றது, வாய்ப்பைக் கூட்டுவதற்காகப் புதுப் பட்டதாரியை நான்காம் படி என்று எழுதிவிட்டுப் பிறகு சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது. முன்னையது பிள்ளைக்குச் செய்யும் துரோகமும்கூட; சட்டத்தின்முன் இரண்டுமே மீறல். பதிவில் எழுதிய தொழில், படி, இடம் மூன்றும் பின்னால் வரும் மனுவோடு பொருந்துகின்றனவா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். ஆகவே மார்ச்சுக்கு முன்பே நீங்கள் உட்கார்ந்து, இந்த ஆள் என்ன வேலை செய்யப்போகிறார், யாருக்குக் கீழே, யாரை மேற்பார்வை செய்வார், எந்த நகரத்தில், என்ன சம்பளம் என்று எழுதி முடித்திருக்க வேண்டும். முன்பு குலுக்கல் முடிந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்ட வேலை இது. இப்போது அது முன்னுக்கு வந்துவிட்டது.

அடுத்ததைச் சொல்லும்போது சிலருக்கு மனம் நோகலாம். எங்களுடைய சனத்துக்கு 'ஸ்பொன்சர்' என்றால் சொந்தம் என்று பொருள். அண்ணன் தம்பியைக் கனடாவுக்கு எடுத்தார், மாமா மருமகனை லண்டனுக்கு எடுத்தார். போரில் சிதறிய குடும்பங்கள் அப்படித்தான் மறுபடி ஒன்று சேர்ந்தன. அந்தக் கைகளை நான் கும்பிடுகிறேன். அந்தப் பழக்கத்தோடு எச்-1பியைத் தொடக்கூடாது. சித்தப்பாவுக்கு அங்கே பெற்றோல் நிலையம் இருக்கிறது, எங்கடை பெடியனை 'மனேச்சர்' என்று எழுதி எடுப்பார் என்று இங்கே பேசுகிறார்கள். அது நடவாது. குறிப்பிட்ட துறையில் பட்டம் இல்லாமல் செய்யவே முடியாத வேலையாக அது இருக்க வேண்டும். அந்தப் பட்டத்துக்கும் அந்த வேலைக்கும் நேர்த் தொடர்பு இருக்க வேண்டும். உறவுக்காரரை வேலைக்கு எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. வேலை உண்மையா என்பதை அதிகாரி இன்னும் உற்றுப் பார்ப்பார், அவ்வளவுதான். உண்மையான வேலை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இல்லையென்றால் அன்பினால் செய்த உதவி, பிள்ளையின் பேரில் மோசடி என்ற குறிப்பாகப் பதிந்துவிடும். அந்தக் குறிப்போடு அவர் வாழ்நாள் முழுக்க எந்தத் தூதரகத்திலும் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

காசு விஷயத்திலும் இதே சொந்தம்தான் இடறும். அங்கே மாமா கட்டணத்தைக் கட்டுவார், இங்கே தகப்பன் அந்தக் காசை மாமாவின் தாயாரிடம் கையில் கொடுத்துவிடுவார். வீட்டுக்குள் முடிந்த கணக்கு என்று நினைக்கிறார்கள். தொழிலாளர் பயிற்சிக்கென்று முதலாளி கட்டும் கட்டணம் ஒன்று உண்டு. இருபத்தைந்து பேர் வரை வேலை செய்யும் கொம்பனிக்கு 750 டொலர், அதற்கு மேலென்றால் 1,500 டொலர். அதை நேராகவோ சுற்றிவளைத்தோ பிள்ளையிடமிருந்து திருப்பி வாங்குவது சட்டவிரோதம். மோசடித் தடுப்புக் கட்டணம் 500 டொலரும் முதலாளியுடையது. மனுவைத் தயாரிக்கும் வழக்கறிஞரின் கூலி கொம்பனியின் வணிகச் செலவு. அதை ஊழியர் தலையில் ஏற்றி, அதனால் அவருடைய சம்பளம் சட்டம் சொன்ன தொகைக்குக் கீழே போனால் அதுவும் மீறல். வேலை இல்லை என்று சொல்லிச் சம்பளம் கொடுக்காமல் வீட்டில் இருத்தி வைக்கவும் முடியாது. வேலை இல்லாத நாளுக்கும் சம்பளம் உண்டு. தம்பிமாரே, உங்களிடம் ஒரு முகவர் வந்து, 'பதிவுக்கு இவ்வளவு லட்சம் தாருங்கள், அமெரிக்கக் கொம்பனியொன்று கைவசம் இருக்கிறது' என்று சொன்னால், அந்தப் பேச்சு அங்கேயே முடியட்டும்.

இனிக் கடதாசிகளுக்கு வருவோம். இங்கேதான் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் கோப்பு மற்றவர்களின் கோப்பிலிருந்து வேறுபடுகிறது. இதை அறியாத முதலாளி கடைசி நேரத்தில் தடுமாறுவார்.

முதலில் பேர். எங்களிடம் குடும்பப் பேர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பேர் ஒரு கடதாசியில் முன்னுக்கு, இன்னொன்றில் பின்னுக்கு, மூன்றாவதில் ஒற்றை எழுத்தாக நிற்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் வேறொன்று. பதிவுக்குக் கடவுச்சீட்டில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு கடவுச்சீட்டு இலக்கம்தான். பதிவில் போட்ட அதே இலக்கம் மனுவிலும் வர வேண்டும். இடையில் புதுப்பித்தால் ஏன் மாறியது என்று ஆதாரத்தோடு விளக்க வேண்டிவரும். ஆகவே கடவுச்சீட்டு முடியும் தறுவாயில் இருந்தால் மார்ச்சுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகம் தட்டுப்பாடாகிப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் சனம் இரவிரவாக வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டுப் பிராந்திய அலுவலகம் திறந்தாயிற்று. இனிமேல் இதற்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை.

பிறகு பட்டம். அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் பெற்றவர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் இடைஞ்சல் குறைவு. மூன்று ஆண்டுப் பொதுப் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு வருடம் குறைகிறது. அந்தக் குறையை அனுபவத்தால் நிரப்ப விதியில் வழி உண்டு: தகுதியான மூன்று வருட வேலை ஒரு வருடப் படிப்புக்குச் சமன். ஆனால் அந்த வேலையைச் செய்ததற்குக் கடிதம் வேண்டும். என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், யாரோடு என்று விரிவாக எழுதிய கடிதம். பழைய முதலாளி கொழும்பில் கொம்பனியை மூடிவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போயிருப்பார். அவரைத் தேடிப் பிடிக்க மாதங்கள் ஆகும். ஏப்ரலில் தேடத் தொடங்கினால் சரிவராது; இப்போதே தேட வேண்டும்.

மூன்றாவது, பிறந்த இடம். இது எச்-1பிக்கு அப்பால், கிறீன் காட் வரைக்கும் போகிற விஷயம். நிரந்தர வதிவிட இடங்களில் ஒரு நாட்டுக்கு ஏழு வீதத்துக்கு மேல் இல்லை என்று சட்டம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை அதனால் பத்து இருபது ஆண்டு என்று நீண்டு கிடக்கிறது. இலங்கையில் பிறந்தவர்களுக்கு அவ்வளவு நீண்ட வரிசை இல்லை. ஓர் ஊழியரை நீண்ட காலம் வைத்திருக்க விரும்பும் முதலாளிக்கு இது பெரிய வசதி. எங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு அனுகூலம் இருப்பது அவர்களுக்கே தெரியாது. ஆனால் கணக்கில் வருவது பிறந்த நாடு. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதை அதற்குப் பார்ப்பதில்லை. போர்க்காலத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமிலோ திருச்சியிலோ பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! அந்தப் பிள்ளை இலங்கைப் பிரசையாக இருந்தாலும் இந்திய வரிசையில்தான் வைக்கப்படுவார். பெற்றோர் இருவரும் அந்த நாட்டில் பிறக்காமலும் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்காமலும் இருந்தால் பெற்றோரின் நாட்டோடு சேர்த்துக்கொள்ள ஒரு விதிவிலக்கு உண்டு. அகதி அட்டையையும் முகாம் பதிவையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். துயரத்தின் சாட்சியாக இருந்த கடதாசி பிள்ளைக்கு உரிமைச் சாட்சியாகலாம்.

புதிதாக இறங்கும் முதலாளிகளுக்கு நாட்காட்டியையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் பதிவு குறைந்தது பதினான்கு நாள் திறந்திருக்கும். அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் நண்பகலில் பூட்டும். அப்போது இங்கே இரவு ஒன்பதரை. மாத முடிவுக்குள் முடிவு வரும். தெரிவானால் ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து குறைந்தது தொண்ணூறு நாள் மனுப் போட அவகாசம். அதற்கு முன் தொழில் திணைக்களத்தில் சம்பள உறுதிமொழி விண்ணப்பத்துக்குச் சான்று பெற வேண்டும். அதற்கு ஏழு வேலைநாள். முதல்தடவை விண்ணப்பிக்கும் கொம்பனி என்றால் அதன் வரி இலக்கத்தைத் திணைக்களம் சரிபார்க்கவே தனியாக நாள் எடுக்கும். பலர் இடறி விழுவது அந்தச் சிறிய இடத்தில்தான். வேலைத்தலத்தில் இரண்டு இடங்களில் அறிவித்தல் ஒட்ட வேண்டும்; யார் கேட்டாலும் காட்டக்கூடிய ஒரு கோப்பு வைத்திருக்க வேண்டும். எல்லாம் சரியானால் ஒக்டோபர் முதலாம் திகதி வேலை தொடங்கும். மூன்று வருடம், பிறகு இன்னும் மூன்று.

இவ்வளவையும் கேட்ட பிறகு ஒருவர் கேட்பார்: அந்த ஒரு லட்சம் டொலர்? ஆம். 2025 செப்டெம்பர் 19 அன்று ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட பிரகடனம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய மனு ஒவ்வொன்றுக்கும் முதலாளி ஒரு லட்சம் டொலர் கட்ட வேண்டும் என்கிறது. செப்டெம்பர் 21இலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கென்று அது பிறந்தது, நீட்டவும் கூடும். வழக்குகள் நடக்கின்றன. 2025 டிசெம்பரில் ஒரு சமஷ்டி நீதிமன்றம் பிரகடனம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே அங்கே மாணவ விசாவில் இருந்து, நாட்டை விட்டு வெளியேறாமல் நிலையை மாற்றிக்கொள்பவருக்கு அது பொருந்தாது என்று குடிவரவுச் சேவை ஒக்டோபரில் விளக்கம் சொன்னது. ஆக இன்றைய நிலையில் மானிப்பாயிலிருந்து நேரே ஒருவரை எடுக்க ஒரு சிறு கொம்பனியால் முடியாது. அங்கே படித்துக்கொண்டிருக்கும் எங்கள் பிள்ளையை எடுக்க முடியும். சிறு முதலாளிகளே, உங்கள் கவனம் இந்த மார்ச்சில் அவர்கள்மேல் இருக்கட்டும். பெற்றோரே, அந்த ஒரு லட்சத்தைக் காணியை விற்று நாங்கள் தருகிறோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது முதலாளியின் சுமை. அதை உங்களிடம் தள்ளுகிறவர் நாளைக்குப் பிள்ளையின் சம்பளத்திலும் கை வைப்பார்.

வெளியூருக்கு வேலைக்குப் போவது எங்களுக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே மிஷன் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் படித்தவர்கள் மலாயா றெயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கப்பல் ஏறினார்கள். அவர்கள் அனுப்பிய மணியோடரில் இந்த ஊரின் கல்வீடுகள் பல எழுந்தன. அதற்கும் முன்னால் எதிர்த் திசையில் ஒருவர் வந்தார். மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவ வகுப்புத் தொடங்கினார். அவரை அனுப்பிய அமெரிக்க மிஷனும் ஒரு வகையில் வேலைகொடுப்பவர்தான். அவர் வந்த காரியத்தை எப்படிச் செய்தார் என்பதில் இன்றைய முதலாளிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இங்கிலீஷில் படிப்பித்த வைத்தியர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவதைக் கண்டார். தமிழில் படித்தவர் ஊரில் நின்று வைத்தியம் பார்ப்பார் என்று எண்ணிப் பாடமொழியையே தமிழாக்கினார். உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் தந்தார். அது 1872இல் அச்சானது. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள். நம்பிப் பயிற்றுவித்த ஆட்களை ஊரிலேயே வைத்து வேலை நடத்தலாம் என்பதைக் காட்டியவர் அவர். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்னும் நின்று அதைச் சொல்கிறது.

ஆகவே முதலாளிகளிடம் எனது கடைசி வேண்டுகோள், குலுக்கலில் விழாத பிள்ளையைப் பற்றியது. முதற்படிச் சம்பளக்காரரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் அப்படிப்பட்டவர்கள்தான். மார்ச் 31க்குப் பிறகு அவருக்குக் கடிதம் எழுதாமல் விட்டுவிடுகிறீர்கள். அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறீர்கள். ஒரு வருடம் அவர் இந்தத் திண்ணையில் காத்திருக்கிறார், கலியாணமும் தள்ளிப்போகிறது. அவர் உங்கள் வேலைக்கு உண்மையில் தேவையானவர் என்றுதானே பேரைப் பதிந்தீர்கள்? அப்படியானால் அந்த வேலையை இங்கே கொடுங்கள். கணினிக்கும் கணக்குக்கும் வரைபடத்துக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு கந்தோர் போதும். அதை ஒழுங்காகப் பதியுங்கள். ஒப்பந்தக் கூலி என்று கையில் கொடுத்துக் கடத்தாதீர்கள். சம்பளத்தில் முதலாளியின் பங்காகப் பன்னிரண்டு வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கும், மூன்று வீதம் நம்பிக்கை நிதிக்கும் கட்டுங்கள். இன்னொரு வழியும் உண்டு: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும், அவற்றோடு இணைந்த இலாபநோக்கற்ற ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் எச்-1பியின் வருடாந்த வரம்பே கிடையாது. ஆராய்ச்சியில் நாட்டமுள்ள பிள்ளைக்கு அந்த வழியைக் காட்டுங்கள். இங்கே உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைக்கு அடுத்த வருடம் இன்னொரு வருட அனுபவம் சேர்ந்திருக்கும். சம்பளப் படி ஒன்று ஏறியிருக்கவும் கூடும். அவருடைய பேர் அப்போது இரண்டு தடவை குலுக்கலுக்குள் போகும். அதற்குரிய அனுபவக் கடிதத்தை எழுதப்போகிறவரும் நீங்கள்தான். முதல் மாதச் சம்பளச் சீட்டிலிருந்தே அந்தக் கோப்பைத் திறந்து வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கடவுச்சீட்டுப் பேரைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் நில்லுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.